தலையெழுத்தும் தையல் மூட்டும்



பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி (இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறாள், அவளுக்கே கல்லூரியில் படிக்கிற மகன் இருக்கிறான்) வாட்ஸ்அப்பில் இரண்டு முகங்களை அனுப்பியிருந்தாள். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளை வைத்து, 2,500 வருடத்துக்கு முந்தைய மனிதர்களுக்கு முகம் வரைந்திருக்கிறார்களே, அந்தப் படங்கள். கீழே ஒரு கேள்வி: "டீச்சர், இவங்க எந்த இனம்?"

பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பதில் எழுத ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அந்தக் கேள்வியைப் பல வருடங்களுக்கு முன்னால் வகுப்பில் கேட்டவளே நான்தான். அதனால் ஒருத்திக்கு எழுத வேண்டியதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் மண்டையோட்டைப் பற்றிச் சொல்கிறேன். பாதிப் பேர் நான் சொல்லிக் கொடுத்ததை மறந்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேன்.

1979-இல் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது எங்கள் அறிவியல் அறை அலமாரியில் ஒரு மண்டையோடு இருந்தது. பிளாஸ்டிக் இல்லை, நிஜம். பழுப்பு நிறம், ஒரு அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து மூடியிருக்கும். மாதிரிப் பாடம் நடத்துகிறவர்கள் அதை எடுத்துப் போவோம். என் முறை வந்தபோது அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், தண்டுவடம் நுழைகிற பெரிய துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், குறுக்கே ஒரு பிளவு. பென்சில் முனை போகிற அளவு இருந்தது. என் கை பட்டு உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஸ்டைபண்டில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. யாரிடமும் சொல்லாமல் பஞ்சுக்குள் வைத்து மூடிவிட்டேன். அந்தப் பிளவுக்குப் பிறகு வருகிறேன்.

மண்டையோடு ஒரே எலும்பு என்றுதான் தொட்டுப் பார்க்கிறவர்கள் நினைப்போம். மொத்தம் 22 எலும்புகள். மூளையை மூடியிருப்பவை 8, முகத்தில் 14. நெற்றிக்கு ஒன்று, நுதல் எலும்பு. உச்சந்தலையில் இடமும் வலமுமாகச் சுவர் எலும்புகள் இரண்டு. பின்னால் பிடரி எலும்பு ஒன்று. காதைச் சுற்றி, நாம் பொட்டில் அடித்தாற்போல என்கிறோமே, அந்தப் பொட்டெலும்பு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. உள்ளே, கண்ணுக்குப் பின்னால் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்கு ஆப்பெலும்பு என்று பெயர், மற்ற எல்லா எலும்பையும் அதுதான் தொட்டுப் பிடித்திருக்கிறது. மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒன்று. வாசனை நரம்புகள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. எட்டு ஆயிற்றா? முகத்தில் உள்ள பதினான்கையும் இப்போது ஒப்பிக்க வைக்கப் போவதில்லை. கன்னம், மேல்தாடை, மூக்குத்தண்டு, கண்ணீர் வருகிற மூலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி எலும்பு, இப்படிப் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். காதுக்குள் இருக்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி இந்த 22-இல் சேராது.

இத்தனை எலும்பில் அசையக்கூடியது ஒன்றே ஒன்று, கீழ்த்தாடை. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், மூட்டு நகர்வது தெரியும். (வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் கடைசி பெஞ்சுக்காரர்கள் கொட்டாவி விடுவீர்கள்.) மற்றவை எல்லாம் அசையா மூட்டுகள். அதிலும் மண்டையின் மேல்பகுதியில் இருப்பவற்றுக்குத் தையல் மூட்டு என்று பெயர். இரண்டு ரம்பங்களைப் பல்லோடு பல் கோத்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி நெளிநெளியாகக் கோத்துக்கொண்டிருக்கும். நெற்றிக்கும் உச்சிக்கும் நடுவே கிரீடம் வைக்கிற இடத்தில் குறுக்காக ஒரு தையல். அதிலிருந்து பின்னோக்கி நடு வகிடு மாதிரி ஒன்று. அது பிடரிக்கு மேலே போய்ச் சேருகிற இடத்தில் கிரேக்க எழுத்து லாம்டா போல, ஒரு கூரை வடிவத்தில் பிரிந்து இறங்கும்.

எங்கள் பாட்டி இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். சுடுகாட்டு வெட்டியான் சொன்னதாகச் சொல்வார்: மண்டையோட்டில் நெளிநெளியாக எழுதியிருக்கும், அதுதான் பிரம்மன் எழுதிய தலையெழுத்து, நமக்கு வாசிக்கத்தான் தெரியாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். அந்த நெளிகோட்டைப் பார்த்தால் நிஜமாகவே கிறுக்கலான கையெழுத்து போலத்தான் இருக்கும். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். வாசிக்கலாம் என்பதுதான் உண்மை. ஆனால் அதில் எழுதியிருப்பது நடக்கப் போவது இல்லை, நடந்து முடிந்தது.

பேரனின் தலைக்கு வருகிறேன். உச்சியில் எண்ணெய் வைத்தால் விரலுக்குக் கீழே மெத்தென்று இருக்கிறது, மெல்லத் துடிக்கிறது. உச்சிக்குழி. நெற்றி எலும்பும் சுவர் எலும்புகளும் இன்னும் வந்து சேராத இடம். பிறக்கும்போது நெற்றி எலும்புகூட இரண்டு துண்டுதான். வெளியே வருகிற பாதை குறுகல் என்பதால் இந்தத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடம் விடுகின்றன. அதனால்தான் சில பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாள் தலை நீண்டு தெரியும். பின்பக்கத்துச் சின்னக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்னால் இருக்கிற பெரியது பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடும். பிறக்கும்போது பெரியவர் மூளையில் கால்வாசி எடைதான் குழந்தையின் மூளை; இரண்டு வயதுக்குள் அது முக்கால்வாசி அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிவிட்டால் மூளைக்கு ஏது இடம்? அதனால் தையல்கள் பல வருடங்களுக்குத் தளர்வாக இருந்து, அந்த ஓரங்களில்தான் எலும்பு வளர்கிறது.

நம் வீடுகளில் பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற ஆயா காலை நீட்டிப் போட்டு, மூக்கைப் பிடித்துவிட்டு, தலையை இரண்டு உள்ளங்கையாலும் உருட்டிவிடுவார். "ஒரே பக்கமாப் படுக்க வைக்காதீங்க, தலை சப்பையாயிடும்" என்பார். மூக்கைப் பிடிப்பதில் ஒரு பலனும் இல்லை, என் மூக்கே சாட்சி. ஆனால் ஒரே பக்கமாகப் படுக்கவைப்பது பற்றி அவர் சொன்னது முழு உண்மை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நம் ஊர்.

தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு, பலருக்குத் தெரியாது. 1863 மே 30-ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தின் பக்கம் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கற்கருவி. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் குழியில்தான் ஆரம்பம். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்ப் பழைய மிக்ஸி பேரம் பேசுகிறோமே, அதே பல்லாவரம். அந்த வருடமே செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கண்டெடுத்தார்கள். அங்குள்ள கருவிகள் 15 லட்சம் வருடம் வரை பழையவை என்று 2011-இல் சாந்தி பப்பு குழுவினர் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கருவி கிடைத்தது, கருவியைப் பிடித்த கை கிடைக்கவில்லை. நம் பக்கத்துச் செம்புரை மண்ணின் அமிலத்தில் எலும்பு அவ்வளவு காலம் தாங்குவதில்லை. இந்தியாவிலேயே அந்தக் காலத்து மண்டையோடு என்று பெயர் சொல்லக் கிடைத்தது ஒன்று. 1982 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை ஹத்நோராவில் அருண் சோனாகியா எடுத்த மண்டையோட்டு மூடி. அதை அவர் ஹோமோ எரக்டஸ் என்றார். 1991-இல் கென்னத் கென்னடி என்ற அமெரிக்கரும் அவர் கூட்டாளிகளும் மறுபடி ஆராய்ந்து, இல்லை, இது ஹோமோ சேப்பியன்ஸின் பழைய வடிவம் என்றார்கள். அதே எலும்புதான், பெயர் மட்டும் மாறியது.

பல்லாவரத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி 1880-களின் கடைசியில் பல்லாவரம் குன்றுப் பக்கம் கால்கள் வைத்த சுடுமண் பேழையைக் கண்டெடுத்தார். ஈமப்பேழை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களை வைத்துப் புதைத்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் வரிசையாகக் கால் முளைத்த தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பார்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் கட்டும்போது அனுமதி தாமதமானது நினைவிருக்கும். பக்கத்தில் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். நம் வீட்டு அஸ்திவாரங்களுக்கு அக்கம்பக்கத்தில் எல்லாம் பழைய மனிதர்கள் படுத்திருக்கிறார்கள்.

இந்த ரீதான் அடுத்து தாமிரபரணிக் கரைக்குப் போகிறார். ஆதிச்சநல்லூர். அவருக்கு முன்பே, 1876-இல், பெர்லினிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டி, பானைகளையும் இரும்புக் கருவிகளையும் எலும்புகளையும் ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார். ரீ 1899-இல் ஆரம்பித்துச் சில பருவங்கள் தோண்டினார். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரம்பு முழுக்கத் தாழிகள். தாழிக்குள் ஆட்கள். சிலருடைய நெற்றியில் கட்டுவதற்கென்று மெல்லிய தங்கத் தகட்டில் பட்டம். 1903 வாக்கில் பிரான்ஸிலிருந்து லாப்பிக் என்பவரும் வந்து எடுத்துப் போனார். ரீ தான் எடுத்தவற்றை, செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரும்பேரில் கிடைத்தவற்றோடு சேர்த்து, 1915-இல் பட்டியலாக வெளியிட்டார்.

அந்த மண்டையோடுகளிடம் அறிஞர்கள் கேட்டது என்ன தெரியுமா? வயது என்ன, எதைச் சாப்பிட்டாய், எதனால் செத்தாய் என்பதைவிட முதலில் கேட்டது, எந்த இனம் என்றுதான். இங்கிலாந்தில் சோலி சக்கர்மேன் (பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசுக்கே அறிவியல் ஆலோசகர் ஆனவர்) ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை அளந்து எழுதியது 1930-இல் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. 1963-இல் இந்திய மானிடவியல் ஆய்வகம் இன்னொரு அறிக்கை போட்டது. ஒருவர் வைத்த இனப்பெயரை அடுத்தவர் மாற்றினார். ஆஸ்திரேலிய வகை, மத்தியதரைக்கடல் வகை என்று ஆளுக்கு ஒரு பெட்டி.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1840-களில் ஸ்வீடன்காரர் ரெட்சியஸ் கொண்டுவந்தது. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 75-க்குக் கீழே வந்தால் நீள்மண்டை, 80-க்கு மேல் போனால் அகல்மண்டை, நடுவில் நடுமண்டை. இதை வைத்து ஐரோப்பாவில் மனிதர்களைத் தரம் பிரித்தார்கள். இங்கே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி மூக்கை அளந்தார். மூக்கு அகலமாக ஆகச் சாதி கீழே போகிறது என்று எழுதவும் செய்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மாகாணம் முழுக்க அளவுகோலும் இடுக்கியுமாகப் போய்த் தலைகளை அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் தென்னிந்தியாவின் சாதி ஒவ்வொன்றும் இருக்கிறது, பலவற்றுக்குத் தலையின் அளவோடு. அந்தத் தொகுதிகளில் உள்ள பழக்கவழக்கத் தகவல்களை நான் ரசித்துப் படித்திருக்கிறேன். ஆனால் இடுக்கியோடு ஒரு துரை வந்து நிற்கும்போது தலையைக் கொடுத்தவர் என்ன நினைத்திருப்பார் என்பதற்கு அவற்றில் அட்டவணை கிடையாது.

எனக்குத் தெரியும். நானே இடுக்கி பிடித்திருக்கிறேன்.

1991. எட்டாம் வகுப்பு. ஐம்பது பிள்ளைகளுக்கு மேல். பழைய புத்தகம் ஒன்றில் இந்தத் தலைக் கணக்கைப் படித்துவிட்டு, 'செய்து கற்றல்' என்ற உற்சாகத்தில் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கரும்பலகையில் வட்டம் போடுகிற மரக் கவராயத்தை இடுக்கியாக்கி, ஒவ்வொருவரையும் முன்னால் கூப்பிட்டு, புருவத்துக்கு நடுவிலிருந்து பிடரி வரை, பிறகு காதுக்கு மேலே குறுக்காக, அளந்து ஸ்கேலில் வைத்துப் பார்த்துக் கரும்பலகையில் பெயரும் எண்ணும் எழுதினேன். கணக்கும் ஆயிற்று, அறிவியலும் ஆயிற்று, சமூக அறிவியலும் ஆயிற்று என்று எனக்கு ஒரே பெருமை. தலைமை ஆசிரியர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு பையனுக்கு 88 வந்தது. வகுப்பிலேயே அதிகம். பிடரிப் பக்கம் சப்பையாக இருக்கும். "இது எந்த இனம் டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்து ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அவனுக்கு 'எண்பத்தெட்டு' என்று பெயர் விழுந்தது. பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை மாறவில்லை. மாட்டிறைச்சிக் கடை, மீன் கடை, கோயில் திருவிழா எங்கே பார்த்தாலும் பையன்கள் "ஏய் எண்பத்தெட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஒரு நாளும் என்னிடம் வந்து புகார் சொன்னதில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன் பின்னால் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார ஆரம்பித்தான். தலையின் பின்பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக என்று எனக்குத் தோன்றவே மாசக்கணக்காயிற்று.

அவன் அம்மாவை ஒரு முறை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். கல்யாணமான புதிதில் திரிசூலம் பக்கம் கல் உடைக்கப் போனவர். பேச்சுவாக்கில் அவராகவே சொன்னார்: "இவன் தலை ஏன் டீச்சர் அப்படி இருக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஜல்லி ஒடைக்கற எடத்துல தூளி கட்டக்கூட மரம் கெடையாது. சாக்கு விரிச்சு மல்லாக்கப் படுக்க வச்சிட்டுப் போயிடுவேன். காலைல போட்டா சாயங்காலந்தான் தூக்குவேன். பால் குடுக்கறப்ப மட்டும் எடுப்பேன்."

குளிப்பாட்டுகிற ஆயா சொன்னதை நினைவில் வைத்திருக்கச் சொன்னேனே, அதுதான். தையல்கள் தளர்வாக இருக்கிற மாதங்களில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் எலும்பு அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். நீளம் குறையும், அகலம் கூடும், கணக்கு 88 காட்டும். நான் கரும்பலகையில் எழுதியது அவன் இனத்தை அல்ல. அவன் அம்மாவின் தினக்கூலியை எழுதி வைத்திருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் கண்டுபிடிப்பு இல்லை, நான்தான் தாமதமாகப் படித்தேன். அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற அறிஞர் 1910-ஐ ஒட்டிக் கிட்டத்தட்ட 18,000 பேரை அளந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அகல்மண்டை என்றும் சிசிலிக்காரர்கள் நீள்மண்டை என்றும் பெயர். அமெரிக்காவில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளை அளந்தால் யூதப் பிள்ளைகள் தலை கொஞ்சம் நீண்டிருக்கிறது, சிசிலிப் பிள்ளைகள் தலை கொஞ்சம் அகன்றிருக்கிறது. ஒரே தலைமுறையில்! அந்த எண்களை 2002-இல் ஒரு குழு திரும்பக் கணக்குப் போட்டு, மாற்றம் சின்னதுதான் என்றது. 2003-இல் இன்னொரு குழு, இல்லை, போவாஸ் சொன்னது பெரும்பாலும் சரி என்றது. மாற்றம் எவ்வளவு என்பதில்தான் சண்டை. 1992 முதல் அமெரிக்க மருத்துவர்கள், தூக்கத்தில் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எத்தனையோ உயிர் பிழைத்தது. கூடவே சப்பைத் தலைக் குழந்தைகளும் அதிகமானார்கள். அதற்காக அவர்கள் வேறு இனமாக மாறிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நர்மதை மண்டையோட்டுக் கதையில் சொன்னேனே கென்னடி, அவர் தெற்காசிய எலும்புக்கூடுகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். எலும்பை இனப் பெட்டியில் போடுவது ஒன்றுக்கும் உதவாது என்பதுதான் அவரும் வந்து சேர்ந்த இடம்.

அப்படியானால் மண்டையோட்டிலிருந்து ஒன்றுமே தெரியாதா? நிறையத் தெரியும்.

பல்லைப் பார்த்தால் குழந்தைகளின் வயதை ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரியவர்களுக்குத் தையல்களைப் பார்ப்பார்கள். முப்பது வயதை ஒட்டி உள்பக்கமிருந்து மெல்ல மூட ஆரம்பித்து, வயதாக ஆகக் கோடே மறையும். ஆனால் இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம், பத்து இருபது வருடம் தவறலாம். அதனால் இதை மட்டும் வைத்து யாரும் வயது சொல்வதில்லை. புருவ மேடு, காதுக்குப் பின்னால் இருக்கும் முண்டு, தாடை, இவை ஆணா பெண்ணா என்று ஊகிக்க உதவும். இடுப்பெலும்பு கிடைத்தால் இன்னும் நிச்சயம். பல் தேய்ந்திருக்கும் விதம் சாப்பாட்டைச் சொல்லும். பொட்டெலும்புக்கு உள்ளே, காதின் உட்பகுதியைப் பொதிந்துவைத்திருக்கிற துண்டு உடம்பிலேயே கெட்டியான எலும்புகளில் ஒன்று. பாறை போன்றது என்றே அதற்கு லத்தீனில் பெயர். மரபணு அழியாமல் தங்குவது பெரும்பாலும் அங்கேதான் என்று பத்துப் பன்னிரண்டு வருடமாகத்தான் தெளிவாயிற்று. அரியானாவில் ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்துப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு பெண்ணின் மரபணுவைத்தான் படிக்க முடிந்தது, 2019-இல் வெளியானது. நம் வெயிலும் ஈரமும் அப்படி.

இப்போது அந்தப் பிளவு.

ஓய்வு பெற்ற பிறகுதான், பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோது, ஒரு மருத்துவப் புத்தகத்தில் படித்தேன். மண்டையோட்டின் அடியில் ஆப்பெலும்பும் பிடரி எலும்பும் சேருகிற இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. அது தையல் இல்லை, குருத்தெலும்பு ஒட்டு. பெண் பிள்ளைகளுக்குப் பதினொன்றிலிருந்து பதினாறுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்குள்ளும் அது எலும்பாகி மூடிவிடும். அதற்கு முன்னால் இறந்தவரின் எலும்பு காய்ந்தால் குருத்தெலும்பு போய், அந்த இடம் பிளந்தே இருக்கும்.

நான் உடைக்கவில்லை. எங்கள் அலமாரியில் இருந்தது ஒரு பிள்ளை. அப்போது எனக்கு வயது 19. அது என்னைவிடச் சின்னது.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தா வழியாக, மருத்துவப் படிப்புக்கென்று உலகம் முழுக்க எலும்புக்கூடுகள் ஏற்றுமதியாயின. அத்தனையும் நம் ஏழைகளின் எலும்பு. 1985-இல்தான் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. எங்கள் அலமாரிக்கு அது எந்த வழியாக வந்தது என்று கேட்க அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. 'நமூனா' என்று ஒரு எண் போட்டு இருப்புப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

குரோம்பேட்டைப் பெண்ணுக்கு இனிப் பதில் சொல்கிறேன். கொந்தகை மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஸ்கேன் எடுத்து அனுப்ப, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முக ஆய்வகத்தினர் கணினியில் எலும்பின்மேல் தசை, தசையின்மேல் தோல் என்று அடுக்கி உருவாக்கியதுதான் நீ அனுப்பிய முகங்கள், 2025-இல் வெளிவந்தவை. இரண்டு பேரும் ஆண்கள், நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். மூக்கு எவ்வளவு அகலம், கண் எங்கே, கன்னம் எங்கே ஏறும் என்பதை எலும்பு சொல்லும். தோலின் நிறத்தையும் முடியையும் எலும்பு சொல்லாது; அது இன்றைய நம் ஆட்களைப் பார்த்துப் பூசியது. எந்த இனம் என்று கேட்டாயே, வயது கொஞ்சம் ஆன இரண்டு ஆண்கள், கொந்தகையில் புதைத்திருக்கிறார்கள், தாழியில் வைத்து அழுதிருப்பார்கள். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்ததும் எனக்கு என் பெரியப்பா நினைவு வந்தார் என்பது வேறு விஷயம்.

88 என்று நான் எழுதிய பையனுக்கு: இப்போது நீ எங்கே இருக்கிறாய் என்று உன் வகுப்புத் தோழர்களிடம் கேட்டேன். ஒருவன் ஸ்ரீபெரும்புதூர் என்கிறான், ஒருவன் வெளிநாடு என்கிறான். உன் பெயரை இங்கே எழுதமாட்டேன், ஒரு தடவை எழுதியது போதும். அன்றைக்கு நான் செய்தது தப்பு. முப்பது வருடத்துக்கு மேல் கழித்துச் சொல்கிறேன், ஐம்பது பேர் முன்னால் நடந்தது என்பதால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். மன்னித்துவிடு, கண்ணா. அம்மா நலமாக இருந்தால் டீச்சர் விசாரித்ததாகச் சொல்.

மற்றவர்கள் கமெண்டில் அந்தப் பழைய பெயரைப் போட்டு வம்பு பண்ணாதீர்கள், அழித்துவிடுவேன்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை மால், பீச் என்று அழைத்துப் போகிறவர்கள் ஒரு நாள் தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குங்கள். அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் தங்கப் பட்டமும் பல்லாவரத்துப் பேழையும் இருக்கின்றன. திருச்செந்தூர் போகிறவர்கள் வழியில் ஆதிச்சநல்லூரில் இறங்கினால், எடுத்த இடத்திலேயே கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகளைக் காட்டுகிறார்கள், 2023-இல் திறந்தது. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.